பதினேழாவது பேட்ச்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் மட்டும்தான். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவள் மேடம். ஆயிரம் வரி கணினி நிரலைக் கொடுத்தாலும் ஓர் எழுத்து இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்து, நான்கு பத்தி விளக்கத்தோடு திருப்பி அனுப்புவாள். வாங்கிக்கொண்டவர்கள் அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிட மாட்டார்கள்.

வயது நாற்பத்தொன்று. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறார். இவளுக்குப் பதினாறு வருடமாக ஒரே வேலை. மருத்துவமனை வார்டுகளில் படுக்கையோரம் நின்று நோயாளியின் நாடியையும் மூச்சையும் அளந்துகொண்டிருக்கும் மானிட்டர் பெட்டிகள் உண்டல்லவா, அவற்றுக்குள் ஓடும் கெர்னலைப் பார்த்துக்கொள்வது. பெட்டிக்குள் இருக்கும் மற்ற நிரல்களையெல்லாம் கட்டி மேய்ப்பது கெர்னல்தான். அது விழுந்தால் பெட்டியே விழுந்தது என்று அர்த்தம்.

சிட்டுவும் அவளும் ஒரே நாளில், ஒரே மாதிரிப் படிவத்தில், ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்ந்தவர்கள். பேனா பூதக்கண்ணாடியுடையது. சிட்டு அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பதினாறு வருடம் கழித்தும் இவள் அதை மறக்கவில்லை என்பதிலிருந்தே ஆள் எப்படி என்று நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

வாடி போடி என்று பேசிக்கொள்கிற தோழிகள்தான். ஆனால் சிட்டுவின் மேஜை ஜன்னலோரம். சிட்டு வைத்த தொட்டிச்செடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டது. இவள் மேஜையில் இருப்பது பிளாஸ்டிக் செடி, அதிலும் இரண்டு இலை உதிர்ந்துவிட்டது. சிட்டு ஐந்தரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் "பாத்துப் போ" என்பார்கள். இவள் ஐந்தரைக்குக் கிளம்பினால் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மானேஜர் அவளைச் சிட்டு என்று சிரித்துக்கொண்டே கூப்பிடுவார், இவளிடம் வரும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு "மேடம்" என்பார். அதெல்லாம் மரியாதைதானே என்றால், அந்த மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள் என்பாள், மனசுக்குள்.

இப்படி வருடக்கணக்கில் சின்னச் சின்னதாக எரிந்துகொண்டிருந்த வயிறு, ஒரு திங்கட்கிழமை காலை வந்த மெயிலில் ஒரேயடியாகப் பற்றிக்கொண்டது. 'ஸ்டாக் ட்ரேஸ் பகுதிக்கு இன்று முதல் சிட்டு பொறுப்பாளர். பொறுப்பாளர் பட்டியலில் பெயர் சேர்க்கப்பட்டுவிட்டது.' இரண்டே வரிதான். அவள் அதை எத்தனை முறை படித்தாள் என்று கணக்கில்லை.

ஸ்டாக் ட்ரேஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். கெர்னலுக்குள் ஒரு வேலை இன்னொரு வேலையைக் கூப்பிடும், அது இன்னொன்றைக் கூப்பிடும். கூப்பிடும் ஒவ்வொரு தடவையும், 'முடிந்ததும் இங்கே திரும்பி வா' என்று ஒரு சீட்டு எழுதி அடுக்கின் மேல் வைத்துவிட்டுப் போகும். அந்தச் சீட்டுகளைப் படித்து, இந்த நிமிடம் யார் யாரைக் கூப்பிட்டு எங்கே நிற்கிறார்கள் என்று சொல்வதுதான் ஸ்டாக் ட்ரேஸ். கஷ்டம் எங்கே என்றால், வேலை முடிந்து போனவர்களின் சீட்டை யாரும் கிழித்துப்போடுவதில்லை. பழைய சீட்டுகளும் அங்கேயே கிடக்கும். அவர்களுடைய கெர்னல் எல்லாச் சீட்டையும் அள்ளிக்கொண்டு வந்து காட்டும், சந்தேகமானவற்றின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடும். ஆபீஸ் மேஜையில் கழுவாமல் கிடக்கும் டம்ளர்களை எண்ணி, இப்போது யார் யார் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்வது மாதிரி.

நான்கு வருடத்துக்கு முன்னால் இந்தக் கேள்விக்குறிகளைக் குறைக்கப் பூதக்கண்ணாடி பதினோரு பேட்ச் எழுதினாள். பேட்ச் என்பது நிரலில் செய்யும் திருத்தம். சீட்டின் பழமையை ஊகிக்க அருமையான உபாயங்கள் எல்லாம் அதில் இருந்தன. "நல்லாத்தான் இருக்கு மேடம், ஆனா இப்ப என்ன அவசரம்?" என்று மானேஜர் ஓரமாக வைத்துவிட்டார். ஓரமாக வைத்தது வைத்ததுதான்.

பிறகு மருத்துவமனைகள் ஒரு புதிய வசதி கேட்டன. கெர்னலில் பிழை திருத்த வேண்டுமென்றால் பெட்டியை அணைத்துப் போட வேண்டியிருக்கிறது, ஆள் படுத்திருக்கும்போது எப்படி அணைப்பது, ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்துங்கள் என்றார்கள். செய்யலாம். ஆனால் பழைய வேலைக்குள் யாரும் பாதியில் நிற்கவில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகே புதியதை மாற்றிவைக்க வேண்டும். பாதியில் நிற்பவனின் காலடியில் தரையை மாற்றினால் பெட்டி உறைந்துவிடும். அந்த உறுதியை ஸ்டாக் ட்ரேஸ்தான் கொடுக்க வேண்டும். அங்கே கேள்விக்குறிக்கு இடமில்லை.

சிட்டு எழுதினாள். இருபத்து மூன்று பேட்ச். ஊகமே கிடையாது. மேலிருந்து ஒவ்வொரு சீட்டாக நடந்து போகும். எங்கேயாவது ஒரு படி சந்தேகமாக இருந்தால், 'எனக்குத் தெரியாது, அப்புறம் வந்து கேள்' என்று சொல்லிவிடும். அவ்வளவுதான். அந்த 'எனக்குத் தெரியாது' தனக்கு ஏன் நான்கு வருடத்துக்கு முன்னால் தோன்றவில்லை என்று நினைக்கும்போதெல்லாம் பூதக்கண்ணாடிக்குக் காது சூடேறியது. தோன்றியிருக்காது. தெரியாது என்று அவள் யாரிடமும் எதற்கும் சொன்னதில்லை.

"மேடம், சிட்டுவோட பேட்ச் மொத்தத்தையும் நீங்கதான் ரிவியூ பண்ணணும். நீங்க பாத்துட்டேன்னு சொன்னாதான் எனக்கு நிம்மதி" என்றார் மானேஜர்.

எரிகிற வயிற்றில் எண்ணெய். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு "சரி சார்" என்றாள்.

அவள் படித்ததைப் போல அந்த நிரலை எழுதியவள்கூடப் படித்திருக்க மாட்டாள். அன்போடு படிக்கிறவனுக்கு நடுவில் கண் சொக்கும், இவளுக்குச் சொக்கவில்லை. கண்கொத்திப் பாம்பாக வரி வரியாகப் போனாள். ஒன்று முதல் பதினாறு வரை சுத்தம். ஒவ்வொன்று சுத்தமாக இருக்க இருக்க, கோபம் ஏறியது. பன்னிரண்டாவதில் ஓரிடத்தில் "அடிப்பாவி, எவ்ளோ அழகா எழுதியிருக்கா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

பதினேழில் ஓட்டை இருந்தது.

ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் டைமர் வந்து தட்டும். வேலை தன் சீட்டை ஒழுங்காக வைத்து முடிப்பதற்கு முன்பே தட்டிவிட்டால், அடுக்கில் ஓர் ஆள் விட்டுப்போவான். சிட்டுவுக்கு இது தெரியும். டைமர் தட்டும்போது அடுக்கில் ஓர் அடையாளம் விழும், அதைப் பார்த்தால் 'தெரியாது' என்று நின்றுவிடும்படி எழுதியிருந்தாள். ஆனால் வார்டு பெட்டிகளில் மட்டும் இன்னொரு டைமர் உண்டு. பேட்டரியை மிச்சம் பிடிக்க எட்டு வருடத்துக்கு முன்னால் சேர்த்தது. அது அடையாளம் வைக்காது. அது தட்டினால் ஒருவன் விட்டுப்போயிருப்பான், ட்ரேஸோ 'எல்லாம் சரி, நம்பலாம்' என்று சொல்லும்.

இரண்டாவது டைமரைப் பற்றி எந்தக் கையேட்டிலும் இல்லை. இவளுக்கு எப்படித் தெரியும் என்றால், அதை எழுதியவளே இவள்தான். அடையாளம் வைக்க மறந்தவளும் இவள்தான். அந்தப் பகுதியை மட்டும் அவள் மனசு வேகமாகத் தாண்டிப் போனது.

நிரூபிக்காமல் விடுவாளா? பழைய வேலைக்குள் வேண்டுமென்றே ஒருவனை நிறுத்திவைத்து, இரண்டாவது டைமரை விட்டுத் தட்டிப் பார்க்கும் ஒரு சோதனை நிரல் எழுதினாள். அவள் மேஜையில் இருந்த சோதனை சர்க்யூட் போர்டில் அந்த டைமர் இல்லை. அசல் வார்டு பெட்டி பரிசோதனை அறை அலமாரியில் இருந்தது, அங்கே ஓட்ட வேண்டுமென்றால் பொது சர்வருக்கு அனுப்ப வேண்டும். 'சும்மா' என்று பெயர் வைத்து அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு முடிவு வந்தது. ஆயிரம் தடவையில் மூன்று தடவை பெட்டி உறைந்துபோனது. மூன்று தடவையும் ட்ரேஸ் 'நம்பலாம்' என்றே சொல்லியிருந்தது.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் ஆபீஸில் பாட்டு முணுமுணுத்தது அன்றுதான்.

வியாழக்கிழமை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள். எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது, எங்கே நிறுத்தி மூச்சு விடுவது என்றுகூடத் தயார். ஆனால் அன்று மீட்டிங் தொடங்குமுன் மானேஜர் சிட்டுவின் தோளுக்குப் பின்னால் நின்று, "வாடிக்கையாளருக்குக் காட்ற அன்னிக்கு நீதான் பேசணும் சிட்டு" என்றார். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். சிட்டு இவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் இவளுக்கு வேறு யோசனை வந்தது. இப்போது சொன்னால் என்ன ஆகும்? 'நல்லவேளை மேடம்' என்பார்கள், சிட்டு சாயந்திரத்துக்குள் சரிசெய்துவிடுவாள், மறுபடி மேஜையைத் தட்டுவார்கள். காட்டுகிற அன்று, வாடிக்கையாளர் கண்ணெதிரே பெட்டி உறைந்தால்?

"மேடம், எல்லாம் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு சார்."

"பதினேழுகூடவா? அதுதான் சிக்கலானதுன்னு சிட்டு சொன்னா."

"அதுவும்தான்."

சிட்டு குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். மீட்டிங் முடிந்து வந்து, பதினேழாவது பேட்சின் கீழே, வழக்கமான வரியைத் தன் பெயரோடு பூதக்கண்ணாடி சேர்த்தாள். 'பார்வையிட்டவர்' என்ற வரி. பதினாறு வருடத்தில் அந்த வரியை அவள் பொய்யாகப் போட்டதில்லை. பரிசோதனை அறையில்தானே காட்டப் போகிறார்கள், அங்கே நோயாளியா படுத்திருக்கிறார், ஒரு பெட்டி உறைந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத் தானே வக்கீல் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மானேஜர் கால் தரையில் படாமல் வந்தார். மருத்துவமனை ஒப்புக்கொண்டுவிட்டதாம். செவ்வாய்க்கிழமை, பரிசோதனை அறையில் இல்லை, வார்டிலேயே. ஆறு படுக்கை, ஆறு பெட்டி, ஆறு பேரும் படுத்திருப்பார்கள். "மேடம் பாத்துட்டாங்கன்னு சொன்னேன், அவங்க மறுபேச்சே பேசல" என்றார்.

பூதக்கண்ணாடி முகத்தில் ஈயாடவில்லை.

சனிக்கிழமை முழுக்க அவள் வீட்டு அலமாரிகளைச் சுத்தம் செய்தாள். ஆயிரத்தில் மூன்று, ஆறு பெட்டி, ஒரு தடவை என்று கணக்குப் போட்டாள். ரொம்பச் சின்ன எண்தான் வந்தது. சின்ன எண் என்றால் பூஜ்யம் இல்லை என்று ஊருக்கெல்லாம் நான்கு பத்தி எழுதி அனுப்புகிறவள் அவள். சனியன் பிடித்த கணக்கு, எத்தனை முறை போட்டாலும் பூஜ்யமாகவில்லை. அப்போதும் 'சொல்லிவிடுகிறேன்' என்று மனசு கிளம்பியபோதெல்லாம், அந்த ஜன்னலோர மேஜையும் செடியும் குறுக்கே வந்து நின்றன. இதை ஒளிக்க என்ன இருக்கிறது? ஆறு பேர் படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் அவளுக்குப் பொறாமை குறையவில்லை. அதுதான் அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம் கணவர் தரையில் உட்கார்ந்து ஷூ துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கத்துக்குடுக்குற கார்ல உங்க பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்குல்ல?"

"இருக்கு. அது இல்லன்னா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்."

"ஓட்டுறவங்களப் பாத்தாலே உங்களுக்கு ஆகலன்னு வைங்க. திமிர் பிடிச்ச ஆளு. தப்பு பண்ணப் போறாங்கன்னு தெரியுது. அப்பவும் போடுவீங்களா?"

அவர் ஷூவைக் கீழே வைத்தார். "போன மாசம் ஒருத்தன் வந்தான். பதினஞ்சு நாள்ல என்னைவிட நல்லா ஓட்டுனான். எனக்கு எரிஞ்சுது. ஒருநாள் சிக்னல் தெரியாமப் போனான், படட்டும்னு ஒரு செகண்டு விட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வண்டியில நானும்தான் உட்கார்ந்திருக்கேன். போட்டேன். யாரு அந்தத் திமிர் பிடிச்ச ஆளு?"

"யாரும் இல்ல."

"சிட்டுவா?"

"ஷூவத் துடைங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை அவள் முதல் ஆளாக ஆபீஸுக்குப் போனாள். போனால், சிட்டு அதற்கும் முன்னால் வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இதிலும் முந்திக்கொண்டாளே என்றுதான் முதலில் தோன்றியது.

"சிட்டு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுடி." சிட்டு குவளையை வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அவசரமே இல்லை.

"பதினேழுல ஒரு ஓட்டை இருக்கு. வார்டு பெட்டியில ரெண்டாவது டைமர் ஒண்ணு இருக்கு. அது அடையாளம் வைக்காது." வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்ததில் இல்லாத ஒரு வார்த்தை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. "நேத்துதான் கண்டுபிடிச்சேன்."

"நேத்தா?"

"ஆமா. வீட்ல உக்காந்து பாத்துட்டிருந்தேன்."

சிட்டு கீபோர்டை இழுத்துக்கொண்டாள். கணினியில் எதையோ தேடித் திறந்து, திரையை இவள் பக்கம் திருப்பினாள். சர்வரிலிருந்து வந்த மெயில். 'சும்மா: ஆயிரத்துக்கு மூன்று தோல்வி.' போன செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி.

இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொது சர்வரில் எந்தச் சோதனை ஓடினாலும், அனுப்பியவருக்கு ஒரு மெயில் போகும், அந்தப் பகுதியின் பொறுப்பாளருக்கு ஒரு மெயில் போகும். பதினாறு வருடமாகத் தெரிந்த விஷயம். பொறுப்பாளர் பட்டியலில் சிட்டுவின் பெயர் ஏறிய செய்தியைத் தூக்கத்தில்கூடப் படித்துக்கொண்டிருந்தவளுக்கு, சர்வரும் அதே பட்டியலைத்தான் படிக்கும் என்பது உறைக்கவே இல்லை. அவளைப் பொறுத்தவரை அது ஒரு கிரீடம். முகவரி என்று நினைக்கவில்லை.

"அன்னிக்கே பாத்துட்டியா?"

"வந்த அஞ்சாவது நிமிஷம் பாத்தேன். வியாழக்கிழமை மீட்டிங்ல நீயே சொல்லிடுவேன்னு நெனச்சேன். 'பதினேழுகூடவா'ன்னு அவர் கேட்டப்போ உன் வாயையே பாத்துட்டிருந்தேன். அப்புறம் பாக்க முடியல, குனிஞ்சுட்டேன்."

"அப்போ ஓட்டை..."

"வெள்ளிக்கிழமை காலைலயே அடைச்சாச்சு. உன் சோதனைய வச்சேதான். பத்தாயிரம் தடவை ஓடிருச்சு, ஒண்ணும் விழல." திரையில் இருபத்து நான்காவது பேட்ச் தெரிந்தது. இரண்டாவது டைமரும் அடையாளம் வைக்கும்படி நான்கே வரி. மேலே விளக்கம். கீழே, 'பிழையைக் கண்டு தெரிவித்தவர்' என்று போட்டு, இவளுடைய முழுப் பெயர்.

"அனுப்பிருக்கலாமே."

"தெரிவித்தவர்னு எழுதிட்டேன்ல. நீ வந்து தெரிவிக்கணுமேன்னு வச்சிருந்தேன்."

"நான் வந்திருக்கலன்னா?"

"இன்னிக்குப் பதினோரு மணி வரைக்கும் பாத்துட்டு, அந்த வரிய மட்டும் எடுத்துட்டு அனுப்பியிருப்பேன்."

சிட்டுவின் குரலில் கோபம் இருந்ததா, வருத்தம் இருந்ததா, கண்டுபிடிக்க முடியவில்லை. இவ்வளவு தெரிந்துகொண்டு, வெள்ளிக்கிழமை இவளோடு ஒரே டப்பாவில் கை வைத்து மத்தியானம் சாப்பிட்டிருக்கிறாள். ஆறு நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். தன்னால் ஆறு நிமிடம் முடியுமா? பாருங்கள், அந்த நேரத்திலும் அவளுக்கு அதன் மேல்தான் பொறாமை வந்தது.

சிட்டு பொத்தானை அழுத்தினாள். பேட்ச் போய்விட்டது. "டீ குடிக்கலாம் வா" என்று எழுந்து நடந்தாள். இவள் அந்தத் திரைக்கு முன்னாலேயே நின்றாள்.

பத்து மணிக்கு மானேஜரின் மெயில் எல்லோருக்கும் வந்தது. 'வார்டுக்குப் போவதற்கு முதல் நாள் இதைப் பிடித்திருக்கிறார்கள் என்றால், பூதக்கண்ணாடிக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும்' என்று எழுதியிருந்தார். முதல் தடவையாக மேடம் என்று போடவில்லை. கைதட்டினார்கள். யாரோ அவள் மேஜை மேல் ஒரு சாக்லேட் வைத்துவிட்டுப் போனார்கள். பதினாறு வருடமாக அவள் ஆசைப்பட்ட சத்தம் அது, காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆறு பெட்டிகளும் ஒரு துடிப்பைக்கூட விடாமல் மாறின. சிட்டு பேசினாள். பேச்சில் இரண்டு இடத்தில் இவள் பெயரைச் சொன்னாளாம்.

அன்று பிற்பகல் பூதக்கண்ணாடி இருபத்து நான்காவது பேட்சைத் திறந்து, பழக்க தோஷம், மேலிருந்து வரி வரியாகப் படித்தாள். விளக்கத்தில், இவளுடைய சோதனை ஓடிய நாளைச் சிட்டு முறைப்படி எழுதியிருந்தாள். போன செவ்வாய், மாலை நான்கு. பிறகு பதினேழைத் திறந்தாள். 'பார்வையிட்டவர்', அவள் பெயர், அதற்கடுத்த வியாழன். இரண்டும் கெர்னலின் வரலாற்றில் ஏறிவிட்டன, இனி யாராலும் அழிக்க முடியாது. வேண்டுமென்றுதான் தேதியைப் போட்டாளா, எல்லாப் பேட்சிலும் போடுகிற மாதிரி போட்டாளா என்று ஜன்னல் பக்கம் பார்த்தாள். சிட்டு செடியின் காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அதற்கு விடை அந்த முதுகில் எழுதியிருக்கவில்லை.

இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அளவுக்கு நுணுக்கமாகப் படிக்கிறவர்கள் அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை, அவளைத் தவிர. அவள் தினமும் ஒரு தடவை படிக்கிறாள்.